கரப்பானும் கவலையும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, அனைவரும் காப்பி அருந்திக் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஓர் அம்மையார் தம் ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்தார். திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவர் இங்குள்ள தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். நஞ்சன்கூட்டிற்கு வந்து இன்னும் இரண்டாண்டு நிறையவில்லை. சிறுவனின் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்து, கறுத்து, நகக்கீறல்கள் நிறைந்து காணப்பட்டது.

"அண்ணா, உங்கள் கையிலும் முன்பு இப்படித்தான் இருந்தது என்று சொன்னார்கள். எப்படிக் குறைந்தது?" என்று அவர் வினவினார். அவ்வளவில் நில்லாமல் தம் மனத்துயரையும் கொட்டிவிட்டார். பள்ளியில் பையனைக் கடைசிப் பலகையில் தனியே அமர்த்திவிட்டார்களாம். ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைத்து, "வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோது கத்தரிக்காயும் கருவாடும் தின்றாயே, அதன் பலன்தான் இது" என்கிறாராம். மருத்துவரோ, பையனைக் கவலையில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்றும், "நீங்களும் டென்ஷன் ஆகாதீர்கள்" என்றும் சொல்லி அனுப்பிவிட்டாராம். "கவலைப்படாதே என்று சொல்கிறார்கள், அண்ணா. கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லையே" என்றபோது அந்த அம்மையாரின் கண்கள் கலங்கிவிட்டன.

நின்றபடியே நமக்குத் தெரிந்த இரண்டொரு சொற்களை அன்று கூறி அனுப்பினோம். வீட்டிற்கு வந்தபின், இது ஒரு குடும்பத்தின் வினா மட்டுமன்று என்று தோன்றியது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இப்பொருளுக்கே ஒதுக்கினோம். நாம் மருத்துவர் அல்லோம். டிக்கெட் கவுண்டரில் அமர்ந்து சில்லறை எண்ணும் எழுத்தர். ஆயினும் இந்நோயோடு ஒன்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர் என்ற ஒரு தகுதி நமக்கு உண்டு. கவுண்டரின் சிறு துளை வழியே நாம் நீட்டும் டிக்கெட்டை, நம் விரல்களைக் கண்டவுடன் சற்றுத் தயங்கி, ஓரத்தை மட்டும் நுனிவிரலால் பற்றி வாங்கும் பயணிகளை நாம் நாள்தோறும் பார்த்திருக்கிறோம். அந்தத் தயக்கம் ஒரு நொடிதான். ஆனால் அது நூறு பேரிடம் நூறு நொடியாகும்போது, அன்றிரவு நமைச்சல் இரண்டு பங்காகிவிடும்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பெயரில்தான் பாதித் துன்பம் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் எக்சிமா எனப்படுவதை நம் முன்னோர் கரப்பான் என்றனர். நம் வீட்டுச் சிறுமி, கரப்பான் பூச்சி கடித்து வருவது போலும் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். கன்னடத்தில் இதற்கு இசுபு என்று பெயர். கஜ்ஜி என்று கன்னடர் சொல்வது வேறொரு நோய். தமிழில் சொறிசிரங்கு என்கிறோமே, அது. சொறிசிரங்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய சிற்றுயிர் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வாழ்வதால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே காலத்தில், அதிலும் இரவில், விரலிடுக்கில் நமைச்சல் எழுந்தால் அதனை ஐயுற வேண்டும். கரப்பானோ எவருக்கும் தொற்றாது. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் உறங்கினாலும் தொற்றாது. பையனைத் தனியே அமர்த்திய ஆசிரியை அவன் தோலைக் கண்டு கஜ்ஜி என்று எண்ணிவிட்டார். அச்செய்திக்குப் பின்னர் வருவோம்.

கரப்பான் ஏன் வருகிறது? கத்தரிக்காயாலும் கருவாட்டாலும் தாய் வயிற்றிலேயே வந்துவிடுவதன்று. நம் தோலின் மேற்படலம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர் போன்றது. உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சுண்ணாம்பு. அச்சுவரை உறுதியாக்கும் புரதங்களுள் ஒன்று பிலாகிரின் என்பது. அதனை உண்டாக்கும் மரபணுவில் சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கிறது என்பதையும், அக்குறை கரப்பானுக்குப் பெருங்காரணங்களுள் ஒன்று என்பதையும் 2006ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் பிறருடன் சேர்ந்து கண்டறிந்தனர். சுவரில் விரிசல் இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலுள்ள சோப்பும் தூசும் கிருமியும் உட்புகுகின்றன. உடலின் காவற்படை அவற்றைக் கண்டு வேண்டியதற்கு மேல் சினந்தெழுகிறது. அச்சினமே சிவப்பும் தடிப்பும் நமைச்சலும் ஆகும். குறிப்பிட்ட ஓர் உணவு ஒவ்வாத குழந்தைகள் உண்டு என்பது மெய்தான். அதனை மருத்துவர் ஆய்ந்து சொல்ல வேண்டும். ஊரார் சொல்லும் பண்டங்களையெல்லாம் விலக்கிப் பிள்ளையை மெலியவிடுவது வேறொரு நோயை வரவழைப்பதாகும்.

புலம்பெயர்ந்த நமக்கு இன்னொன்றும் உண்டு. காவிரிக் கழிமுகத்தின் ஈரக்காற்றில் வளர்ந்த தோல், கடல் மட்டத்திற்கு 600 மீட்டருக்கு மேல் உள்ள இந்த மேட்டு நிலத்திற்கு வருகிறது. இங்கு மார்கழி, தை மாதங்களில் காற்று உலர்ந்து குளிர்கிறது. ஊரில் கிணற்றடியில் குளித்தவர்கள் இங்கே ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றிக்கொள்கிறார்கள். வெந்நீரும் சோப்பும் தோலில் எஞ்சியிருக்கும் நெய்ப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடுகின்றன. பலருக்கு இங்கு வந்தபின்பே கரப்பான் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனிக் கவலைக்கு வருவோம். கவலையால் கரப்பான் வருகிறதா?

இவ்வினாவிற்கு மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தவறான விடை கூறியது. 1891இல் பிரெஞ்சு மருத்துவர்கள் புரோக், ழாக்கே ஆகிய இருவர் இதற்கு நரம்புத் தோல்நோய் என்று பொருள்படும் பெயரை வைத்தனர். 1950இல் சிகாகோவின் உளமருத்துவர் பிரான்ஸ் அலெக்சாந்தர் தம் நூலில், உள்ளத்துப் போராட்டத்தோடு பிணைந்தவை என்று ஏழு நோய்களை எடுத்துக் காட்டினார். ஆஸ்துமா, வயிற்றுப்புண், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றோடு இந்நோயும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அக்காலத்தில் பிள்ளைக்குக் கரப்பான் என்றால், தாய் அன்போடு அணைக்கவில்லை என்று தாயையே குற்றஞ்சாட்டிய மருத்துவர்களும் மேலைநாடுகளில் இருந்தனர். திருவாரூர் மாமியாரை நாம் தனித்துக் குறைகூற இயலாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம். பின்னர் மரபணுவும் தோற்சுவரும் விளங்கத் தொடங்கியபோது அக்குற்றச்சாட்டு வலுவிழந்தது.

ஆயினும், கவலைக்கும் கரப்பானுக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 1995ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17ஆம் நாள் விடியற்காலையில் சப்பானின் கோபே நகரப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அங்குள்ள மருத்துவர்கள் கரப்பான் நோயாளிகள் 1,400 பேருக்கு மேல் ஆராய்ந்தனர். மிகுந்த அழிவுக்குள்ளான பகுதியில் 100க்கு 38 பேருக்கு நோய் முற்றியிருந்தது. ஓரளவு பாதிக்கப்பட்ட பகுதியில் 34 பேர். நடுக்கம் தீண்டாத பகுதியிலோ 7 பேர்தாம். அதே அழிவின் நடுவே நோய் தணிந்தவர்களும் சிலர் இருந்தனர் என்பது வியப்பானது. உள்ளம் எல்லாருக்கும் ஒரே வழியில் இயங்குவதில்லை.

நிலநடுக்கம்தான் வேண்டுமென்பதில்லை, தேர்வே போதும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருத்துவம் முதலியன பயின்ற மாணவர் சிலரின் தோலில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, மேற்படலத்தைச் சிறிது தேய்த்துவிட்டு, அது எத்துணை விரைவில் சீராகிறது என்று அளந்தார்கள். விடுமுறைக் காலத்தில் ஒருமுறை, இறுதித் தேர்வின்போது ஒருமுறை, தேர்வு முடிந்த விடுமுறையில் மற்றொரு முறை. தேர்வின்போது தோல் சீராக அதிக நேரம் பிடித்தது. 2001இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியில் பங்குகொண்டோர் கரப்பான் நோயாளிகள் அல்லர், நல்ல தோலுடையவர்கள். நல்ல சுவருக்கே இந்நிலை என்றால், பிறவியிலேயே விரிசலுற்ற சுவரைச் சொல்லவும் வேண்டுமோ? அச்சமும் கவலையும் மிகும்போது உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்ந்து, அச்சுவருக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்கள் உண்டாவதைக் குறைக்கிறது. தோலிலுள்ள நரம்பு நுனிகளும் நமைச்சலை மிகுவிக்கும் பொருள்களைக் கசிகின்றன.

இதற்காகக் கோபேக்கும் கலிபோர்னியாவுக்கும் போக வேண்டியதில்லை என்பதை 2020இல் நம் ஊரே நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் நஞ்சன்கூட்டு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் கொரோனா பரவியது. ஊரே அடைபட்டது. ரயில்களும் நின்றுவிட்டன. நம் தெருவில் இரண்டு வீடுகளின் கதவுகளில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. ஊரில் தாயார் தனியே இருந்தார், நாமோ இங்கே. நாளொன்றுக்கு முப்பது முறை கை கழுவினோம். இடையிடையே சானிட்டைசரும் தடவினோம். பத்தே நாளில் இரு கைகளும் வெடித்து, மடக்கினால் குருதி கசியும் நிலைக்கு வந்துவிட்டன. அச்சத்தால் வந்ததா, சோப்பால் வந்ததா என்று நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறோம். அச்சமே முப்பது முறை கழுவ வைத்தது, கழுவியதால் வெடித்தது, வெடித்ததைக் கண்டு, நோய்க்கிருமி இவ்வழியே நுழையுமோ என்று இன்னும் அஞ்சினோம். இரண்டையும் பிரித்தறிய நம்மால் இயலவில்லை. எனவே, கவலை கரப்பானைப் படைப்பதில்லை, இருப்பதைக் கிளறிவிடுகிறது என்றே கொள்கிறோம். கிளறுவதற்குக் கவலைக்குள்ள முதற்கருவி நம் விரல் நகம்.

நஞ்சன்கூட்டில் இருந்துகொண்டு நோய்தீர்ப்பைப் பற்றி எழுதுகிறவர் கோயிலைத் தாண்டிப் போக முடியாது. நஞ்சுண்டவன் உறையும் ஊராதலால் நஞ்சன்கூடு. திப்பு சுல்தான் தம் யானையின் கண்நோய் தீர்ந்ததற்காக மரகதலிங்கம் அளித்து, இறைவனை ஹக்கீம் நஞ்சுண்டர் என்று போற்றினார் என்பது ஊர்வழக்கு. தோல்நோய் உடையோர் கபிலையில் நீராடி, ஈர ஆடையோடு கோயிலைச் சுற்றி உருளு சேவை செய்வதை இன்றும் காணலாம். நம் நாட்டில் அங்கப்பிரதட்சணம் என்பது அதுவே. நம் தாயார் ஊரடங்கு தளர்ந்தபின் இங்கு வந்தபோது நமக்காக வேண்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லைத் தட்ட மனமின்றி ஒரு திங்கட்கிழமை விடியலில் நாமும் உருண்டோம். கல்தரையில் முழங்கை உராய்ந்து மறுநாள் தோல் சினந்தது மெய். அன்றிரவு, பல மாதங்களுக்குப் பின், ஒருமுறையும் விழிக்காமல் உறங்கியதும் மெய். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம். வேண்டுதல் உடையோரை நாம் தடுக்க மாட்டோம். ஆறாத புண்ணோடு ஆற்றில் இறங்க வேண்டாம். வீட்டிலேயே நல்ல நீரில் குளித்து, எண்ணெய் தடவிக்கொண்டு செல்லலாம். நீர் வடிந்து, மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டி, காய்ச்சலும் கண்டால் புண்ணில் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை நாம் செய்த பிழையை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். முதல் மூன்று ஆண்டுகள் நாம் எந்த மருத்துவரையும் பார்க்கவில்லை. ஒரு மருந்துக்கடையில், "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு, கொடுத்த களிம்பை வாங்கித் தடவினோம். மாயம் போல் மூன்றே நாளில் அடங்கியது. நிறுத்தினால் முன்னிலும் மிகுந்து வந்தது. மீண்டும் தடவினோம். ஆண்டு இரண்டானபோது மணிக்கட்டுத் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. அக்களிம்பில் வலிமை மிக்க ஸ்டீராய்டு ஒன்றும், கிருமிக்கொல்லியும், பூஞ்சைக்கொல்லியும் ஒன்றாய்க் கலந்திருந்தன என்பதைப் பின்னர் தோல் மருத்துவர் அட்டைப்பெட்டியைப் படித்துச் சொல்லித்தான் அறிந்தோம். இத்தகைய தடவு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டிலேயே நடுவணரசு விதியை இறுக்கியிருக்கிறது. ஆனால் விதி கடைப்பலகையின் மறுபக்கம் எட்டுவதற்கு நாளாகும் போலும்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று எவரும் அஞ்ச வேண்டாம். 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தடவிப் பயன் கண்ட நாள் தொடங்கி, கரப்பானுக்கு அதுவே முதன்மையான துணை. முகத்திற்கு எது, உள்ளங்கைக்கு எது, எத்தனை நாள், எப்படிப் படிப்படியாய்க் குறைப்பது என்பதில்தான் சூட்சுமம் உள்ளது. நமக்கு மருத்துவர் சொல்லிக்கொடுத்த அளவு எளிதானது. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவு பரப்பிற்குப் போதும். நாமோ முன்பெல்லாம் வெண்ணெய் தடவுவது போல் தடவிக்கொண்டிருந்தோம். மைசூர் கே. ஆர். மருத்துவமனை அரசு மருத்துவமனை. அங்கே தோல்நோய்ப் பிரிவு உண்டு. வசதி குறைந்த குடும்பங்கள் அங்குச் செல்லலாம்.

அன்றாடம் செய்வதில் மிகுதி ஒன்றுமில்லை. இளஞ்சூட்டு நீரில் ஐந்து, பத்து நிமிடத்தில் குளியலை முடித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் நெய்ப்புப் பொருளைத் தடவ வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி விலை மலிவு. நம்மவருக்குத் தேங்காயெண்ணெயில் நம்பிக்கை, அந்நம்பிக்கை வீண்போகவில்லை. பிலிப்பைன்சு நாட்டில் கரப்பானுற்ற குழந்தைகளுக்கு எட்டு வாரம் தடவிப் பார்த்ததில், கனிம எண்ணெயைவிடச் செக்கிலிட்டது போன்ற தூய தேங்காயெண்ணெய் நற்பயன் தந்ததாக 2014இல் எழுதியுள்ளனர். பாத்திரம் துலக்கும் பெண்கள் உள்ளே பருத்தியுறை, மேலே ரப்பர் உறை அணிவது நன்று. கம்பளி நேரே தோலில் படவேண்டாம். இவை எல்லாரும் அறிந்தவை. விரைந்து கடந்து செல்வோம்.

நமக்குப் பெரிதும் பயன் தந்தது வேறு. ஸ்வீடன் நாட்டில் 1980களில் மெலின், நோரன் என்னும் அறிஞர்கள் ஒரு முறையை வகுத்தனர். பின்னர் அது இலண்டன் மருத்துவமனை ஒன்றிலும் கையாளப்பட்டது. சொறிதலில் பாதி நமைச்சலால் வருவது. பாதி வெறும் பழக்கத்தால் வருவது என்பது அவர்கள் கருத்து. ஆகவே முதல் வாரம் சொறிவதை நிறுத்த வேண்டியதே இல்லை. எத்தனை முறை சொறிகிறோம் என்று எண்ணினால் போதும். அவர்கள் விரலால் அழுத்தினால் எண் ஏறும் சிறு கருவியைக் கொடுத்தனர். நாம் ஒரு பழைய நாட்குறிப்பில் கோடு போட்டோம். முதல் நாள் மாலை எண்ணிப் பார்த்தபோது 140 கோடுகள்! இருபது முப்பது இருக்கும் என்றல்லவோ நினைத்திருந்தோம்.

எண்ணிக்கையைவிட, அக்கோடுகள் எங்கே நெருங்கி விழுந்தன என்பதே நமக்குப் பாடமாயிற்று. காலை ரயில் நெரிசலில் கோடு குறைவு; சொறிய நேரமில்லை. பிற்பகல் ஓய்ந்திருக்கும்போது மிகுதி. எல்லாவற்றிற்கும் மேலாக, பணி முடிந்து பணப்பெட்டியைக் கணக்கோடு ஒப்பிடும் அந்த இருபது நிமிடத்தில் மட்டும் முப்பதுக்கு மேல். கணக்கில் குறைந்தால் எழுத்தர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது ரயில்வே பணியில் உள்ளோர் அறிந்ததே. ஒருமுறை 500 ரூபாய் குறைந்து கட்டியிருக்கிறோம். அதன் வடு கையில் இன்னும் இருந்தது போலும். "கவலைப்படாதே" என்று உலகம் முழுவதும் சேர்ந்து சொன்னாலும் அக்கவலை போயிருக்காது. ஆனால் கவலை எந்த இருபது நிமிடத்தில் வருகிறது என்று தெரிந்தபின் செய்வதற்குச் சில இருந்தன. பணியின் நடுவே இரண்டு மணிக்கொருமுறை பணத்தைக் கட்டுக்கட்டாய்ப் பிரித்து எண்ணி எழுதி வைக்கத் தொடங்கினோம். இறுதியில் எண்ண வேண்டியது சிறிதாயிற்று. எண்ணத் தொடங்குமுன் கைக்கு எண்ணெய் தடவி, பருத்தியுறை அணிந்து, ஐந்து நிமிடம் சும்மா அமர்ந்தோம்.

இரண்டாம் வாரம் முதல் அம்முறையின் அடுத்த பகுதி. கை சொறியப் போகும்போது, முட்டியை இறுக மடக்கி முப்பது எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் நமைத்தால் அவ்விடத்தை நகத்தால் கீறாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் நாள்களில் கவுண்டரில் நாம் முட்டியை மடக்கியதைக் கண்டு, ஒரு பயணி நாம் அடிக்க வருகிறோம் என்று எண்ணிச் சற்றே பின்வாங்கினார். விளக்கிச் சொன்னதும் சிரித்து, தம் மனைவிக்கும் இந்நோய் உண்டென்று கூறி, முறையைக் கேட்டுக்கொண்டு போனார். ஆறாம் வாரம் கோடுகள் 25க்கு வந்தன. தோல் ஆறச் சொறியாத நாள்கள் வேண்டும். அந்நாள்களை இம்முறை கொடுத்தது. களிம்பும் எண்ணெயும் உடன் இல்லாமல் இது மட்டும் வேலை செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரவில் படுத்தபின், பாதத்தில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக இறுக்கித் தளர்த்துவது இன்னொன்று. சிகாகோவைச் சார்ந்த மருத்துவர் ஜேக்கப்சன் 1929இல் எழுதிய நூலால் பரவிய பயிற்சி இது. தோல்நோயாளருக்கு இத்தகைய தளர்வுப் பயிற்சிகள் உதவுவதாகப் பின்னர் ஆராய்ந்தோர் கூறியுள்ளனர். நமக்கு அது இடுப்புக்கு மேல் போனதேயில்லை, அதற்குள் உறங்கிவிடுவோம். உறக்கமே இன்றிப் பல நாள் கழிவோர், வாழ்வே வெறுத்துப்போவோர், அதனை நாணத்தால் மறைக்க வேண்டாம். 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் உதவியின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அயலூரில் மனக்குறையை அயல்மொழியில் சொல்லத் தடுமாறும் நம் மக்களுக்கு இதனைத் தனித்துக் குறிப்பிட விரும்புகிறோம்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. செர்மனியில் கரப்பானுற்ற பிள்ளைகளின் பெற்றோரை வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஆறு வாரம் கூட்டி, நோய் எதனால் வருகிறது, களிம்பை எப்படித் தடவுவது, சொறியும் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்று கற்பித்தனர். கற்ற குடும்பங்களில் பிள்ளைகளின் நோயும் தணிந்தது; பெற்றோரின் வாழ்வும் எளிதாயிற்று என்று 2006இல் வெளியிட்டனர். "சொறியாதே, சொறியாதே" என்று நாளெல்லாம் அதட்டுவது, சொறிந்தால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்ற பாடத்தையே பிள்ளைக்குக் கற்பிக்கும். கையில் ஒரு களிமண் உருண்டையோ பந்தோ கொடுத்து, பேச்சை மாற்றுவது மேல். சொறியாத வேளையில் மடியில் வைத்துக் கொஞ்சுவது அதனினும் மேல்.

இனி அந்தப் பள்ளிச் செய்தி. பையனின் தந்தைக்குக் கன்னடம் இன்னும் சரளமாக வரவில்லை. ஆகவே விடுப்பு நாளில் நாமும் உடன் சென்றோம். தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் கொண்டுபோனோம். ஆசிரியை நல்ல அம்மையார். சென்ற ஆண்டு வகுப்பில் கஜ்ஜி பரவி ஒன்பது பிள்ளைகள் துன்புற்றனராம். அந்த அச்சத்தால் செய்துவிட்டாராம். "இது கஜ்ஜி அல்ல, அம்மா, இசுபு. தொற்றாது" என்று நாம் கன்னடத்தில் கூறி, நம் கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினோம். அவர் சீட்டைப் படித்தார். பின் நம் விரலைத் தொட்டுப் பார்த்தார். மறுநாளே பையன் இரண்டாம் பலகைக்கு வந்துவிட்டான். பெற்றோர் இருவர் இன்னும் முணுமுணுப்பதாகக் கேள்வி. பக்கத்துப் பையன் உணவை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லையாம்.

பையனின் தாயார் இப்போது நாட்குறிப்பில் கோடு போடுகிறார். பள்ளி நாள்களில் மாலை நான்கு மணிக்கும், ஞாயிறன்று ஊரிலிருந்து தொலைபேசி வரும் வேளையிலும் கோடுகள் நெருங்கி விழுகின்றன என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தொலைபேசி வரும்போது பையனை வெளியே விளையாட அனுப்பலாம் என்று விடை எழுதினோம்.

அடுத்த இதழில் இரவுப் பணி செய்வோரின் உறக்கம் பற்றி எழுத எண்ணியுள்ளோம். அதுபற்றி வினா உடைய அன்பர்கள் மாதக் கூட்டத்தில் நம்மிடம் நேரில் கூறலாம்.